சொட்டாத ஓட்டை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் வண்டி. 2025 ஜனவரியில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும் என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அது தின்றுவிட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் திட்டவும் போகிறேன். யாரைத் திட்டுகிறேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

வண்டி 2012 மாடல் டீசல். ஏழு பேர் உட்காரலாம். புனேவில் வாங்கியது, 2027ல் பதினைந்து வயசு முடிகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்தக் கதையில் கம்பெனி மேல் தப்பு எதுவும் இல்லை. ஊர் சங்ககிரிப் பக்கம் என்பதால் வருஷத்துக்கு ரெண்டு தடவை சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாக இதில்தான் போய் வருவோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பஸ், ரயில் எல்லாம் அம்மாவுக்கு ஒத்துவராது. அதனால் இந்த வண்டி எங்களுக்கு வண்டி மட்டும் இல்லை, ஊருக்குப் போகிற ஒரே வழி.

2024 நவம்பரில் தகராறு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும். நாலு விநாடி ஓடும். அப்படியே செத்துப்போகும். அப்புறம் பத்து, பதினைந்து விநாடி செல்ஃப் அடித்தால்தான் ‘கொக் கொக்’ என்று இருமிக்கொண்டு கிளம்பும். ஒரு தடவை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. மத்தியானம் நிறுத்தி எடுத்தாலும் பிரச்னை இல்லை. ராத்திரி முழுக்க நின்றால்தான் இந்த நாடகம்.

புனேயில் நவம்பர், டிசம்பரில் காலையில் நல்ல குளிர். அதனால் முதலில் எல்லாரும் சொன்னது பேட்டரி. மாற்றினேன், 6,800 ரூபாய். சரியாகவில்லை. அடுத்து ஹீட்டர் ப்ளக். நாலையும் மாற்றினேன், 4,400. சரியாகவில்லை. புது பேட்டரி என்பதால் செல்ஃப் மட்டும் முன்னைவிடச் சுறுசுறுப்பாகச் சுற்றியது. அதைப் பார்த்து நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன், ‘இப்போ பரவாயில்லை’ என்று.

ஃபில்டர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அக்டோபரில்தான் சர்வீஸ் விட்டு புது ஃபில்டர் போட்டிருந்தது. புதுசு எப்படிக் கெடும்? (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். ஜனவரி 12, விடியற்காலை. நான், தங்கமணி, பையன், அம்மா. புனேவிலிருந்து சாத்தாரா போகிற வழியில் கம்பட்கி காட் என்று ஒரு மலை ஏற்றம். சாத்தாராவிலிருந்து புனே வருகிறவர்களுக்குச் சுரங்கப்பாதை உண்டு. நம்ம பக்கத்திலிருந்து போகிறவர்கள் அப்போது வளைந்து வளைந்து ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி திணறியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பதில் இல்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் இஞ்சின் அணைந்துவிட்டது.

இஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏற்றத்தில், பின்னால் முழு லோடோடு லாரி வந்துகொண்டிருக்கும்போது அது கையில் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேக்கில் மிச்சமிருக்கும் வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அதற்குள் ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன்கூட அடிக்காமல் ஒதுங்கிப் போனார், புண்ணியவான். தங்கமணி இறங்கிக் கல் எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அம்மா பின் சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

ஹேண்ட் பம்ப்பை அமுக்கி அமுக்கி, அரைமணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. மேலே ஏறி, சுற்றிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டோம். அந்த வருஷப் பொங்கல் புனே அபார்ட்மென்ட் பால்கனியில், குக்கரில். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

அடுத்த நாள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஏசி அறை, காபி, டிவி எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ‘ரயில் பிரஷர் குறைவு’ என்று கோடு காட்டியது. அரைமணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது: ஹை பிரஷர் பம்ப் மாற்ற வேண்டும், இன்ஜெக்டர் நாலையும் கழற்றி டெஸ்ட் செய்ய வேண்டும், எல்லாம் சேர்த்து 71,400 ரூபாய். இன்ஜெக்டர் போயிருந்தால் அது தனி.

அந்தக் கோடு பொய் சொல்லவில்லை. இந்த மாதிரி காமன் ரயில் வண்டிகளில் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் ஒரு பொதுக் குழாயில் பெரிய அழுத்தத்தில் காத்திருக்கும். ஓடும்போது ஆயிரம் பாருக்கு மேலேயே போகும். கிளம்புவதற்கே சுமார் 200 பார் வேண்டும்; அது வராவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. நம் கார் டயரில் இருப்பது ரெண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் வரவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. பம்ப் தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது பம்ப்புக்குக் குடிக்க டீசலே சரியாகக் கிடைக்காமல் இருக்கலாம். அங்கே மூணாவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யோசிக்க வைத்தது அறிவு இல்லை, 71,400 :-)

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில் லாரி ஓட்டாத குடும்பம் கம்மி. சித்தப்பா முப்பது வருஷம் பெர்மிட் லாரி ஓட்டியவர், இப்போது முட்டி வலி, வீட்டில் இருக்கிறார். எல்லாத்தையும் சொன்னேன். அவர் கோடு பற்றிக் கேட்கவில்லை, பம்ப் பற்றிக் கேட்கவில்லை.

“ஏங்கண்ணு, ராத்திரி வண்டிய எப்புடி நிறுத்தற? மூஞ்சி மேல பாத்தாப்ல நிக்குதா, கீழ பாத்தாப்லயா?”

“சமமாத்தானுங்க சித்தப்பா. பேஸ்மென்ட்டுல.”

“என்னைக்காச்சும் எறக்கத்துல மூஞ்சி கீழ வெச்சு நிறுத்தியிருக்கியா? அன்னைக்குக் காத்தால எப்புடி எடுத்துச்சு?”

யோசித்துப் பார்த்தேன். லேட்டாக வந்த ரெண்டு மூணு நாள் கேட்டுக்கு வெளியே, தெரு இறக்கத்தில் விட்டிருக்கிறேன். அந்தக் காலைகளில் வண்டி ஒரே அடியில் கிளம்பியிருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நன்றாக நடந்ததை யார் கவனிக்கிறார்கள்?

“டேங்க் ரொப்புனா?”

அதுவும் உண்மை. டேங்க் நிரம்பியிருந்த நாட்களில் தொல்லை குறைவுதான்.

“அப்பறம் என்ன சாமி, ஏர் எடுக்குது. பம்ப்புக்கும் ஒண்ணுமில்ல, இஞ்சினுக்கும் ஒண்ணுமில்ல. எங்கியோ பொத்தல். தேடு.”

அடுத்து அவர் சொன்ன வைத்தியத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. இணைப்பு எல்லாவற்றிலும் பார் சோப்பைத் தேய்த்து அப்பச் சொன்னார். டேங்க் ஒழுகினால் லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. ஆனால் இது உள்ளே இழுக்கிற ஓட்டை. சோப்பையும் சேர்த்து இழுக்கும். அவர் ஓட்டிய காலத்து இஞ்சின் அதைத் தின்று ஏப்பம் விடும். காமன் ரயில் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு.

உள்ளே இழுக்கிற ஓட்டை என்றேனே, இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோம். ஸ்ட்ராவின் நடுவில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் இளநீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே வரும், வாய்க்கு இளநீர் வராது. என் வண்டி மாதிரி டேங்குக்குள் மோட்டார் இல்லாத டீசல் வண்டிகளில், டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பாதை முழுக்க இப்படி உறிஞ்சும் பாதை. வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதிலும் டீசலின் பிசுக்கு காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் அதிகம். டீசல் கசிய முடியாத இடுக்கில் காற்று சுலபமாக நுழைந்துவிடும். ஆகவே பானெட்டைத் திறந்து ‘எங்கேயும் ஈரம் இல்லை, லீக் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். எனக்கு மூணு பேர் அப்படிச் சொன்னார்கள்.

ராத்திரி நடப்பது இதன் தொடர்ச்சி. தண்ணீரில் ஸ்ட்ராவை முக்கி, மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் விழாமல் நிற்கும். விரலைக் கொஞ்சம் விலக்கினால் சொய்யென்று இறங்கிவிடும். இஞ்சின் பக்கம் இருக்கும் ஃபில்டர் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறது. ஓட்டை வழியாகக் காற்று மெல்ல மெல்ல நுழைய, விடிவதற்குள் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பம்ப்பில் மிச்சம் இருப்பதை வைத்து நாலு விநாடி ஓடும், அப்புறம் காற்று வரும், செத்துப்போகும். வண்டியின் மூக்கு கீழே இருந்தால் டேங்க் மேலே இருக்கும், டீசல் திரும்பிப் போக இடமில்லை. மலை ஏறும்போது எல்லாம் தலைகீழ்: டேங்க் கீழே, பம்ப் மேலே, டீசல் தேவையோ அதிகம், உறிஞ்சலும் அதிகம், காற்றும் அதிகம். கம்பட்கி காட்டில் நடந்தது இதுதான். காற்றை அமுக்கினால் சுருங்கும், டீசல் அப்படிச் சுருங்காது. காற்று கலந்ததை அமுக்கி பம்ப் என்ன அழுத்தம் கொடுத்துவிட முடியும்?

சரி, தேடினேன். முதலில் செய்தது நானா பேட்டில் டீசல் தாங்கும் கண்ணாடிக் குழாய் (பிளாஸ்டிக்தான், உள்ளே ஓடுவது தெரியும்) அரை மீட்டர் வாங்கி வந்து, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தற்காலிகமாக மாட்டியது. கிளப்பினேன். சோடா பாட்டில் மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. பார்த்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைத் தங்கமணி ‘லூசா நீ’ என்கிற மாதிரி பார்த்தாள்.

குமிழைப் பார்த்ததும் ஓட்டைதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. டீசலில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்தே இருக்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ, குழாய் எங்கேயாவது நசுங்கியிருந்தாலோ, டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருந்தாலோ உறிஞ்சல் கூடி, கரைந்த காற்று பிரிந்து குமிழாக வரும். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. குழாயைத் தடவிப் பார்த்தேன், நசுங்கல் இல்லை. ராத்திரி டீசல் இறங்கிப்போவது அடைப்பால் வராது. ஓட்டைதான்.

அடுத்த ரெண்டு ஞாயிறு வீண். கிளிப்புகள் மேல் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். திருகு கிளிப்பை ரொம்ப இறுக்கினால் ரப்பரை அதுவே அறுத்துவிடும், ஒரு இடத்தில் அப்படி அறுத்தும் இருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை வண்டி வழக்கம்போலச் செத்தது. அப்புறம் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்கள். ஒரு தடவை இறுகிய செம்பு வாஷர் கெட்டிப்பட்டுவிடும், திரும்பப் போட்டால் சரியாக அமராது. புதுசு போட்டேன். அதுவும் இல்லை.

இந்தக் கட்டத்தில் எனக்கே புத்தி வந்தது. நான் பொட்டி தட்டிப் பிழைப்பவன். ஆபீஸில் ஒரு பிழை வந்தால் பார்த்த இடத்தில் எல்லாம் கையை வைக்க மாட்டோம். பாதையைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் பிழை என்று பார்ப்போம். அதை இங்கே ஏன் செய்யவில்லை?

அஞ்சு லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்தேன். கேனைத் தரையில் வைத்தேன். தரையில் வைப்பதுதான் முக்கியம். உயரத்தில் வைத்தால் டீசல் தானாகவே இறங்கும், உறிஞ்சல் இருக்காது, ஓட்டை ஒளிந்துகொள்ளும். கிளப்பினேன். குமிழ் அப்படியே வந்தது. ஆக டேங்க், அதற்குள் இருக்கும் குழாய், வண்டிக்கு அடியில் ஓடும் நீளக் குழாய் எல்லாம் நிரபராதி. குற்றவாளி ஃபில்டரில், அல்லது அதை ஒட்டி. பதினைந்து நிமிஷத்தில் மூணு மீட்டர் பாதை அரை மீட்டராகச் சுருங்கிவிட்டது.

அப்புறம் கேனை உயரத்தில் வைத்தேன், வேண்டுமென்றே. ஏணி மேல். இப்போது ஃபில்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் அதிகம். காற்று நுழைந்த அதே இடத்தில் இப்போது டீசல் வெளியே வந்தாக வேண்டும். ராத்திரி முழுக்க விடத் தைரியம் இல்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஃபில்டருக்குக் கீழே பழைய சக்காள் பேப்பர். வாட்ச்மேன் வந்து பார்த்தார். சொசைட்டி செக்ரட்டரி வந்து பார்த்து, தீ விபத்து பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். நியாயம்தான். பன்னிரண்டு மணிக்குப் பேப்பரில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு ஈர வட்டம்.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் எச்சரிக்கும் சென்சார் ஒன்று திருகியிருக்கும். அதைச் சுற்றி ஒரு ஓ-ரிங். ஈரம் அங்கே. அக்டோபரில் புது ஃபில்டர் போட்டபோது சென்சாரைப் பழசிலிருந்து கழற்றிப் புதுசில் போட்டிருக்கிறார்கள். கூடவே பழைய ஓ-ரிங்கையும். ஒரு பக்கம் சப்பையாகி, ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. புது ஃபில்டர் எப்படிக் கெடும் என்று கேட்டேனே, இப்படித்தான்.

ரெண்டு பேர் வேறு வழி சொன்னார்கள்: லைனில் ஒரு செக் வால்வு மாட்டிவிடு, டீசல் திரும்பாது. காலைத் தொல்லை தீரும், உண்மை. ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும், மலையில் காற்று அப்படியே வரும், போதாக்குறைக்கு உறிஞ்சும் பாதையில் இன்னொரு தடையும் சேரும். புது டீசல் மேல் பழி போட்டவர்களும் உண்டு. அதில் ஒரு உண்மை இருக்கிறது. 1993ல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளின் நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கி ஒழுகின. பழைய எரிபொருளில் ஊறி உப்பியிருந்தவை புதியதில் இளைத்துவிட்டன. ஆனால் இங்கே 10 பிபிஎம் கந்தகம் 2020 ஏப்ரலில் வந்தது, என் வண்டி நாலரை வருஷம் அதையே குடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

இனி திட்டு.

அந்த சர்வீஸ் சென்டரைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். 71,400 எங்கே, ஒரு ரப்பர் வளையம் எங்கே என்று. எழுத ஆரம்பித்ததும் ஒரு கேள்வி குறுக்கே வந்தது. அந்த மெக்கானிக் பையன் என்னை மாதிரி கேனும் ஏணியும் வைத்து மூணு மணி நேரம் உட்கார்ந்து அந்த வளையத்தைக் கண்டுபிடித்திருந்தால் பில் எப்படி வந்திருக்கும்? ஓ-ரிங் 15 ரூபாய். லேபர், மூணு மணி நேரத்துக்கு, இரண்டாயிரம் என்று வையுங்கள். நான் கொடுத்திருப்பேனா? ‘பதினைந்து ரூபாய் ரப்பருக்கு ரெண்டாயிரமா’ என்று கவுன்டரில் சண்டை போட்டிருப்பேன். நிச்சயமாகப் போட்டிருப்பேன். ஏனென்றால் அக்டோபர் பில்லில் லேபர் வரியில் பேரம் பேசி முந்நூறு ரூபாய் குறைத்தவன் நான். அந்த முந்நூறில்தான் ஓ-ரிங் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் புது ஓ-ரிங் இல்லாமல், வெளியே போய் வாங்கி வரலாமா, பழசையே போடலாமா என்று யோசித்த ஒருவருக்கு நான் காரணம் கொடுத்திருக்கிறேன்.

நம் ஆட்கள் பாகத்துக்குக் காசு கொடுப்பார்கள். பெட்டி, ஹாலோகிராம், பார்ட் நம்பர் எல்லாம் இருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். பேனாவை வைப்பது லேபர் வரியில்தான். தேடியதற்கு, யோசித்ததற்கு, ‘இது இல்லை’ என்று ஒவ்வொன்றாகத் தள்ளியதற்குக் காசு கேட்டால் அது ஏமாற்று வேலை. அப்புறம் ஒர்க்‌ஷாப் எதைக் கற்றுக்கொள்ளும்? தேடுகிறவனுக்கு நஷ்டம், மாற்றுகிறவனுக்கு லாபம் என்று நாம்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் நல்ல மாணவர்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நான் அந்த எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டியிருந்தால் வண்டி பெரும்பாலும் சரியாகியிருக்கும்! புது பம்ப் போடும்போது ஃபில்டரையும் மாற்றுவார்கள், அந்தச் சாக்கில் ஒரு புது ஓ-ரிங் விழுந்திருக்கும். நானும் ‘பம்ப்தான் போயிருக்கு, கரெக்டா சொன்னாங்க’ என்று நாலு பேரிடம் சிபாரிசு செய்திருப்பேன். அந்தப் பையனும் அடுத்த வண்டிக்கு நல்ல மனசோடு பம்ப் என்றே சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, அவன் அனுபவம் அப்படி. தப்பான வைத்தியம் குணப்படுத்திவிட்டால் அதைத் தப்பு என்று யார் கண்டுபிடிப்பது?

என் பிழைப்பு இதற்கு நேர் எதிர். ஒரு தடவை வாடிக்கையாளரின் கணக்கு ராத்திரி மட்டும் தப்பாக வந்தது. பதினொரு நாள் தேடி, ஒரே ஒரு வரியை மாற்றினோம். பதினொரு நாளைக்கும் முழுசாக பில் போனது, மணிக் கணக்கில், டாலரில். ஒரு வரிக்கு இவ்வளவா என்று அவர்கள் கேட்கவில்லை. நன்றி சொல்லி மெயில் வந்தது, மேனேஜர் எல்லாருக்கும் கேக் வெட்டினார். தேடுவதற்குச் சம்பளம் வாங்கி வாழ்கிறவன், கிரீஸ் கையோடு தேடுகிறவனிடம் முந்நூறு ரூபாய் குறைத்திருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்காரர்களும் கொஞ்சம் மாறலாம். தேடுவதற்கான கட்டணத்தைத் தனி வரியாக, வெளிப்படையாக எஸ்டிமேட்டில் போடலாம். நாமும் பம்ப் என்று சொன்ன உடனே விலை கேட்காமல், பம்ப் என்று சொல்வதற்கு முன்னால் எதை எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கலாம். பம்ப்புக்கு டீசல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க அரை மீட்டர் கண்ணாடிக் குழாய் போதும். அதற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் கொடுத்துவிடலாம்.

கடைசியில் அந்த சென்சார் என் கைக்குக் கழலவில்லை. பிளாஸ்டிக், உடைந்துவிடும் என்று பயம். போசரி பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். தகரக் கூரை, வயசான ஒரு மிஸ்திரி, ஒரு பையன். விஷயத்தைச் சொன்னதும் துணி சுற்றி, பட்டை ஸ்பானரால் அலுங்காமல் திருகினார். வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஹவா யஹீன் சே லே ரஹா தா” என்றார். நானா பேட்டில் நான் ரெண்டு வாங்கி வைத்திருந்தேன், நைட்ரைல் 15, விட்டான் 40. விட்டானைப் போட்டார். ஹேண்ட் பம்ப் அடித்துக் காற்றை எடுத்தார். இருபது நிமிஷம். 150 ரூபாய் கேட்டார்.

ஆயிரம் கொடுத்தேன். சில்லறை தேடினார். வேண்டாம், வச்சுக்கோங்க என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மீதிக்கு என்ன வேலை என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றும் இல்லை, சும்மா வண்டியை ஒரு தடவை பாருங்கள் என்றேன். சந்தேகமாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்தார். முக்கால் மணி நேரம் பார்த்தார். டிசம்பரில் மாற்றிய ஹீட்டர் ப்ளக்கில் மூணாவதின் நட் கையால் சுற்றினால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. முன் சக்கரத்துப் பிரேக் ஹோஸ் ஒரு இடத்தில் உரசி நூல் தெரிந்தது. ஹோஸ் விலை வேறு, நாளைக்கு வா என்றார்.

சித்திரைக்கு ஊருக்குப் போனோம். கம்பட்கி காட் ஏறும்போது யாரும் பேசவில்லை. மேலே போனதும் அம்மாதான் கேட்டார், “அந்த ரப்பரு எவ்வளவுடா சொன்ன?”

டிஸ்கி: நான் தொட்டது எல்லாம் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் உறிஞ்சும் பாதை. பம்ப்புக்குப் பின்னால் இருப்பதை இஞ்சின் ஓடும்போது தளர்த்துகிற வேலை வேண்டவே வேண்டாம். பழைய லாரியில் நாசில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள், சித்தப்பாவும் செய்திருக்கிறார். காமன் ரயிலில் அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், விரலே போகும். கேன் வைத்துத் தேடினால் பக்கத்திலேயே உட்காருங்கள், பீடி சிகரெட் தள்ளி வையுங்கள். செக்ரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.